அளவுநாடாவுக்கு வெளியே ஒரு பிள்ளை

2025 ஆகஸ்ட் 22 அன்று காஸா நகரிலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் பஞ்சம் நிலவுவதாக அறிவிக்கப்பட்டபோது, அந்த அறிவிப்பைத் தொடர்ந்து எழுந்த வாக்குவாதம் என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. பஞ்சம் என்று சொல்வதற்கு உணவுக்கும் இறப்புக்கும் கணக்கு இருப்பதுபோல், பிள்ளைகளின் மெலிவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நிறையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நூற்றுக்கு 30 பிள்ளைகள் மெலிந்திருக்க வேண்டும். அந்த அளவு கிடைக்காத இடத்தில் மேற்கையின் சுற்றளவைப் பார்த்தால் நூற்றுக்கு 15 பிள்ளைகள் மெலிந்திருப்பதே போதும். காஸாவில் இந்த இரண்டாவது கணக்கைப் பயன்படுத்தினார்கள். பஞ்சத்துக்கான எல்லைக்கோட்டை வேண்டுமென்றே கீழே இறக்கிவிட்டார்கள் என்றது ஒரு தரப்பு. பல ஆண்டுகளாக உள்ள கோடுதான் இது என்றது மறுதரப்பு. அதற்கு ஓராண்டு முன்னர், 2024 ஆகஸ்டில், சூடானின் வட டார்பூரில் உள்ள சம்சம் முகாமில் பஞ்சம் என்று அறிவித்தபோதும் செய்திகளோடு அதே படம்தான் வந்தது: ஒரு பிள்ளையின் மேற்கை, அதைச் சுற்றி விரலகல நாடா, நாடாவின் சிறு சாளரத்தில் சிவப்பு. கோடு எங்கே இருக்க வேண்டும் என்று பேசியவர்களில் எத்தனை பேர் அந்த நாடாவைக் கையில் பிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பிடித்திருக்கிறேன். 2009இல் இலங்கையின் செட்டிகுளத்தில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், நான்கு மாதங்கள் நாள்தோறும் பிடித்திருந்தேன்.

அந்த முகாமைப் பற்றி இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில், தறப்பாள் கொட்டில்களில், முட்கம்பிக்குள் இருந்தார்கள். வவுனியாவில் இயங்கிய ஒரு தொண்டு நிறுவனம் உள்ளூர் இளையவர்கள் சிலரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் நானும் ஒருத்தி. எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். இடது கையை மடித்து, தோள்முனைக்கும் முழங்கைமுனைக்கும் நடுவே பேனையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, நாடாவை அந்தப் புள்ளியின் மேல் சுற்றி, சதை அமுங்காமலும் நாடா தொய்யாமலும் இழுத்து, அம்புக்குறிக்கு நேரே தெரியும் எண்ணை வாசிக்க வேண்டும். எங்களிடம் இருந்தவை பழைய நாடாக்கள். 110 மில்லிமீற்றருக்குக் கீழே சிவப்பு, அதற்கு மேலே செம்மஞ்சள், பிறகு மஞ்சள், பிறகு பச்சை. சிவப்பில் வரும் பிள்ளைக்குச் சத்துப் பிஸ்கற். செம்மஞ்சளில் வரும் பிள்ளைக்குத் திரிபோஷா என்ற சத்துமாவும் இரண்டு கிழமை கழித்து மீண்டும் ஒரு அளவையும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு மட்டுமே நாடா.

112

யூலை மாதத்தின் ஒரு முற்பகலில் அந்த அம்மா வரிசையில் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் இரண்டு வயதும் சில மாதங்களுமான பெண்பிள்ளை. பாவாடையைப் பிடித்தபடி ஒரு பையன். கணவரைப் பற்றி நான் கேட்கவில்லை. அங்கே யாரும் யாரிடமும் அதை முதலில் கேட்பதில்லை. கையில் ஒரு பொலித்தீன் பையைச் சுருட்டி வைத்திருந்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் பிள்ளைகள் இருவரின் சுகாதார விருத்திப் பதிவேடுகளும் நனையாமல் கசங்காமல் இருந்தன. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை எத்தனை இடம் பெயர்ந்திருப்பார், எத்தனை பொருள்களை வழியில் போட்டிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால், அந்த இரண்டு புத்தகங்களும் வந்து சேர்ந்தது எனக்கு இப்போதும் வியப்புத்தான். தடுப்பூசித் தேதிகள் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. நிறைக்கோடு மட்டும் சனவரியோடு நின்றுபோயிருந்தது.

பெண்பிள்ளையின் கையை அளந்தேன். 112. செம்மஞ்சள். திரிபோஷாவுக்குப் பெயரை எழுதத் தொடங்கியபோது அந்த அம்மா குனிந்து, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தங்கச்சி, ஒருக்கா இறுக்கிப் பிடிச்சுப் பாருங்கோவன்" என்றார்.

அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. முன்வரிசையில் நின்ற பிள்ளைகளில் யாருக்குச் சிவப்பு வந்தது, அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதையெல்லாம் அவர் நின்ற இடத்திலிருந்தே கவனித்திருக்கிறார். தன் பிள்ளை இன்னும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மெலிந்திருந்தால் அதற்குச் சாப்பாடு கிடைக்கும் என்று கணக்குப் பார்த்திருக்கிறார். பெற்ற பிள்ளை கொஞ்சம் தேறியிருக்கிறது என்று கேட்டு மகிழவேண்டிய தாயை, பிள்ளை இன்னும் தேய்ந்திருக்கக்கூடாதா என்று ஏங்கும் இடத்தில் நாங்கள் நிறுத்தியிருந்தோம். நான் இறுக்கவில்லை. இறுக்கினால் உண்மையாகவே சிவப்பில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் பங்கு குறைந்துபோகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், அது பொய்யில்லை. "இரண்டு கிழமையில திரும்பப் பாப்பம் அக்கா" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் மாவை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு கிழமை கழித்து 108.

பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் நான் இதை அறிந்துகொண்டேன்: 2009 மே மாதத்திலேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டு, சிவப்பின் எல்லையை 110இலிருந்து 115 மில்லிமீற்றருக்கு உயர்த்திவிட்டன. பிள்ளைகளின் வளர்ச்சிக்கு 2006இல் வகுக்கப்பட்ட புதிய அளவைகளின்படியும், 115க்குக் கீழே போகும் பிள்ளை இறந்துபோகும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்ற கணக்கின்படியும் எடுத்த முடிவு அது. நான் கையில் பிடித்திருந்த நாடா அந்த மே மாதத்துக்கு முந்தையது. புதிய கோட்டின்படி அந்தப் பிள்ளை முதல் நாளே சிவப்பில் இருந்தாள். தாய் கேட்டதுபோல் இறுக்கவேண்டிய தேவைகூட இருந்திருக்காது. ஒரு தீர்மானம் எங்கோ எடுக்கப்பட்டு, நாடாவாக அச்சாகி, கப்பலேறி, ஒரு களஞ்சியத்தைத் தாண்டி எங்கள் கைக்கு வந்து சேர்வதற்கு நாள் எடுக்கும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், கோடு எங்கே இருக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் யாராவது வாதாடும்போதெல்லாம் எனக்கு 112 என்ற எண்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

"எனக்கு விளங்குது, தங்கச்சி"

சத்துப் பிஸ்கற் கொடுக்கத் தொடங்கினோம். சுடுநீரில் கரைத்தால் கஞ்சியாகிவிடும். பல் முளைத்த பிள்ளை அப்படியே கடித்தும் தின்னலாம். ஒரு கிழமைக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமை வரும்போது வெற்று உறைகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்வோம். விற்கப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அந்த அம்மா உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, நூலால் கட்டிக் கொண்டுவந்து தருவார். ஓர் உறைகூடக் குறைந்ததில்லை. ஆனால் இரண்டு கிழமைகள் போயும் பிள்ளையின் நிறையில் சொல்லும்படியாக எதுவும் ஏறவில்லை. வயிற்றோட்டமா, காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு, நான் கேட்காமலே, "பெடியனுக்கும் குடுக்கிறனான்" என்றார். அதை மறைக்கவேண்டும் என்ற எண்ணமே அவரிடம் இல்லை.

எங்கள் பதிவேட்டில் குறிப்பு என்று ஒரு நிரல் இருந்தது. அதில் "பங்கிட்டுக் கொடுக்கிறார்" என்று எழுதினேன். என் கையெழுத்தில், நீல மையில். அதை ஒரு குறையாகவே எழுதினேன்.

மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளை இனிமேல் காலையில் எங்கள் கொட்டிலுக்கே வந்து எங்கள் கண்முன்னே உண்ண வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மறுநாளிலிருந்து அந்த அம்மா வந்தார். பிஸ்கற்றை நானே கிண்ணத்தில் உதிர்த்து, கொதித்தாறிய நீர் ஊற்றிக் கரைத்துக் கொடுப்பேன், அவர் ஊட்டுவார். பையனை விட்டுவிட்டு வருவதற்கு அவருக்கு ஆளில்லை. அவன் கொட்டிலின் முன்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான். அழமாட்டான், கேட்கவும் மாட்டான். கரண்டி தங்கையின் வாய்க்குப் போகும்போதெல்லாம் அவனுடைய வாயும் தானாகத் திறந்து மூடும். குழந்தைக்கு ஊட்டும் தாய்மார் தம்மை அறியாமல் வாயைத் திறப்பார்களே, அதுபோல. அவன் அதை அறிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அந்த அம்மா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பையனைத் திரும்பிப் பார்த்தார். நான் பயிற்சியில் சொல்லித்தந்ததை அப்படியே சொன்னேன்: "இது சாப்பாடில்லை அக்கா, மருந்து. மற்றப் பிள்ளைக்குக் குடுக்கக்கூடாது." அவர் என்மீது கோபப்படவில்லை. "மருந்தெண்டு எனக்கு விளங்குது, தங்கச்சி. அவனுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?" என்றார். பிறகு கரண்டியை எடுத்து மீண்டும் ஊட்டத் தொடங்கினார்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு கேள்விதான். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் அந்தப் பையனுக்கு விளங்கும்படி சொல்ல என்னிடம் சொற்கள் இல்லை. ஆனால் கேள்வி உண்மையில் யாரை நோக்கி வந்தது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு ஒன்றைக் கொடுத்து மற்றப் பிள்ளையைப் பார்க்கவைப்பது பாவம் என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். ஒரு மாம்பழம் கிடைத்தாலும் அதை எத்தனை துண்டாக வெட்டுவது என்றுதான் முதலில் எண்ணுவோம். எங்கள் அம்மாக்கள் எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். அதற்கு நாங்கள் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதினோம்.

கண்முன்னே உண்ணவேண்டும் என்ற விதி

பிற்பாடு வாசிக்கத் தொடங்கியபோது, அந்த விதி எங்கள் கொட்டிலில் பிறந்ததல்ல என்று கண்டேன். போரில் அகப்பட்ட பிள்ளைகளுக்கான நிவாரணம் என்ற எண்ணம் அமைப்பாக உருவெடுத்த காலத்திலிருந்தே அது கூட வந்திருக்கிறது. முதல் உலகப்போர் ஓய்ந்த பின்னும் நீடித்த கடல் முற்றுகையால் ஒஸ்திரியப் பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது, அதைக் காட்டும் துண்டுப்பிரசுரத்தை இலண்டன் வீதியில் கொடுத்ததற்காக எக்லன்டைன் ஜெப் 1919இல் கைதாகி ஐந்து பவுண் தண்டம் விதிக்கப்பட்டார். அதே ஆண்டு அவர் தன் சகோதரியோடு தொடங்கியதுதான் சேவ் த சில்ட்ரன் அமைப்பு. வியன்னாவில் அமெரிக்க நிவாரணச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டபோது, எந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பது என்று தெரிவு செய்வதற்குக் கிளெமென்ஸ் வொன் பிர்கே என்ற குழந்தை மருத்துவர், பிள்ளையின் நிறையையும் உட்கார்ந்த நிலையில் உள்ள உயரத்தையும் வைத்து ஒரு சூத்திரம் வகுத்துக் கொடுத்தார். அளந்து பிரிப்பது அன்றே தொடங்கிவிட்டது. 1921இல் வொல்கா ஆற்றுப் பகுதியில் பெரும் பஞ்சம் வந்தபோது அதே அமெரிக்க நிவாரண நிர்வாகம் ரஷ்யாவுக்குள் போனது. 1922 கோடைகாலத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பேருக்கு அது உணவளித்தது. பிள்ளைகள் அட்டையோடு சமையற்கூடத்துக்கு வரவேண்டும், அங்கேயே உண்ணவேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடாது. வீட்டுக்குப் போனால் பங்கிடுவார்கள் என்பதுதான் காரணம். அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்ற பையன் நினைவுக்கு வந்தான். வொல்காக் கரையிலும் யாரோ ஒரு தம்பியோ அக்காவோ சமையற்கூட வாசலில் நின்றிருக்கும்.

கைச் சுற்றளவை அளப்பதும் போரில்தான் பரவியது. 1960களின் பிற்பகுதியில் நைஜீரிய உள்நாட்டுப் போரின்போது, பிள்ளையின் உயரத்தையும் கைச் சுற்றளவையும் ஒரே தடியில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சமயக் குழுவின் தொண்டர்கள் பயன்படுத்தினார்கள். தராசும் மின்சாரமும் எழுத்தறிவும் இல்லாத இடத்திலும் ஒரு மெலிந்த பிள்ளையைக் கூட்டத்தில் கண்டெடுக்கமுடியும் என்பது அதன் பெரும் பயன். அந்தப் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தாயின் மடியில் போர்வைக்குள் கிடக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிலைமையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அளந்து பார்க்கவேண்டும். முகம் ஏமாற்றிவிடும், கை ஏமாற்றாது.

சிகிச்சையிலும் பெரிய மாற்றம் வந்தது. அதற்கு முன்னர் கடுமையாக மெலிந்த பிள்ளையை மருத்துவக் கூடாரத்தில் வாரக்கணக்கில் வைத்து, விசேட பாற்கலவை கரைத்துக் கொடுக்கவேண்டும். அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், தாதி வேண்டும், மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து தங்கத் தாயும் வேண்டும். 1996இல் அன்ட்ரே பிரியான் என்ற பிரெஞ்சு மருத்துவரும் மிஷெல் லெஸ்கான் என்ற உணவு தயாரிப்பாளரும் சேர்ந்து, நிலக்கடலை, பால்மா, சீனி, எண்ணெய், கனியுப்புக்கள் சேர்ந்த ஒரு களியை உருவாக்கினார்கள். 92 கிராம் பைக்கற் ஒன்றில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்கவேண்டாம், சமைக்கவேண்டாம், பிள்ளை பிதுக்கித் தின்னலாம். 2007இல் ஐ.நா. அமைப்புக்கள் வீட்டில் வைத்தே சிகிச்சை செய்யும் முறையை ஏற்றுக்கொண்டன. பிள்ளையைக் காப்பாற்றும் இடம் கூடாரத்திலிருந்து வீட்டுக்கு மாறியது. வீடு என்றால் அங்கே அண்ணனும் இருப்பான், தங்கையும் இருப்பாள். அதனால்தான் அந்தப் பைக்கற்றைக் கொடுக்கும் ஒவ்வொரு நாட்டிலும் தாய்மாருக்குச் சொல்லும் முதல் வாக்கியங்களில் ஒன்றாக, "இது மருந்து, பங்கிடாதீர்கள்" என்பது இருக்கிறது. நான் செட்டிகுளத்தில் சொன்ன அதே வாக்கியம்.

அதைச் சொல்வதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைச் செய்தும் இருக்கிறார்கள். மெலிந்த பிள்ளையின் சிகிச்சைப் பைக்கற்றோடு, அந்த வீட்டுக்கென்று தனியாக அரிசியோ மாவோ பருப்போ எண்ணெயோ கொடுப்பது. பைக்கற் பிள்ளைக்கே போய்ச்சேர அந்த மூட்டை காவலாக நிற்கும். தாய்க்கு நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்ளும்படி புத்தி சொல்லவேண்டியதில்லை. அண்ணனின் தட்டில் ஏதாவது விழுந்தால் போதும். ஆனால் நிதி வெட்டு வந்தால் முதலில் நிறுத்தப்படுவது இந்த மூட்டைதான். மெலிந்த பிள்ளையின் படத்தைக் காட்டி நிதி கேட்கலாம். அந்தப் பிள்ளையின் வீட்டு அரிசிப் பானையைக் காட்டிக் கேட்பது கடினம். நிவாரணத்துக்குப் பணம் கொடுக்கும் நண்பர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டால், பிள்ளையின் பெயரில் கொடுங்கள், ஆனால் வீட்டுக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை. பெரியவர்கள் தின்றுவிடுவார்கள் என்கிறார்கள். முகாமில் நான் பார்த்த பெரியவர்கள் எவரும் பிள்ளைக்கு முன்னர் உண்டதில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. நைஜர் நாட்டின் சின்டர் பகுதியில், அளவுநாடாவைத் தாய்மாரின் கையிலேயே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறையோ விரும்பிய நேரத்திலோ அவர்களே தங்கள் பிள்ளையை அளந்துகொள்ளலாம். பயிற்சி பெற்ற சுகாதாரத் தொண்டர்களுக்குக் குறையாமல் தாய்மார் அளந்தார்கள். பிள்ளைகள் முன்னதாகவே சிகிச்சைக்கு வந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அளவுக்கு முற்றிப்போனவர்கள் குறைந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. வரிசையில் நின்றபடியே எங்கள் நாடாவின் கணக்கு முழுவதையும் கண்டுபிடித்துவிட்ட ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன்.

பையன்

பெண்பிள்ளை தேறினாள். எட்டாவது கிழமையில் 119. அதை நான் மகிழ்ச்சியோடு எழுதினேன், இப்போதும் மகிழ்ச்சிதான். கண்முன்னே ஊட்டியதால்தான் அவள் தேறினாள் என்று மேற்பார்வையாளர் சொன்னதையும் நான் மறுக்கமாட்டேன். இருந்தது சில பெட்டிகள்தான். அவை அவளுக்கு முதலில் போகவேண்டும் என்பது சரி. அந்தச் சரியான காரியத்துக்கான விலையை ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் நாள்தோறும் காலையில் வாங்கினோம் என்பதுதான் என்னால் ஆறமுடியாதது.

அவனுக்கு அப்போது ஐந்து வயதும் மூன்று மாதமும். பதிவேட்டுப் புத்தகத்தில் பிறந்த தேதி தெளிவாக இருந்தது. புத்தகம் தொலைந்துபோன பிள்ளைகளை 110 சென்ரிமீற்றர் தடி ஒன்றின் அருகே நிறுத்துவோம்; தடிக்குக் கீழே நின்றால் ஐந்து வயதுக்கு உட்பட்டவர் என்று எடுத்துக்கொள்வோம். அவன் அந்தத் தடியின் அருகே விளையாட்டாகப் போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேலே நாலு விரல் இடைவெளி இருந்தது. அவன் தாய் அந்தப் புத்தகத்தை வழியில் எங்காவது போட்டுவிட்டு வந்திருந்தால், அவன் பெயரும் எங்கள் பட்டியலில் வந்திருக்கும்.

கடைசிக் கிழமை ஒரு நாள், தங்கையை அளந்து முடித்தவுடன் அவன் கம்பத்தை விட்டுவிட்டு உள்ளே வந்தான். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, இடது கையை மடித்து என் முன்னால் நீட்டினான். அத்தனை நாளும் பார்த்துப் பார்த்து முறையைப் பழகியிருந்தான். "எனக்கும் பாருங்கோ அக்கா" என்றான். நான் பேனையால் புள்ளி வைத்தேன், கையைத் தொங்கவிடச் சொன்னேன், நாடாவைச் சுற்றினேன். 132. அவன் வயதுப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு உண்டென்றும், சில நாடுகளின் வழிகாட்டிகளில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையானவர்களுக்கு 135க்குக் கீழே வந்தாலே கடுமையான மெலிவு என்றும் பிற்காலத்தில்தான் வாசித்தேன். அன்று என் கையில் இருந்த நாடா மஞ்சளைக் காட்டியது. பச்சைக்குப் பக்கத்து நிறம்.

"நல்ல நிறமோ?" என்று கேட்டான்.

"ஓம் ராசா, நல்ல நிறந்தான்" என்றேன். அவன் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு, தாயிடம் போய் அதைச் சொன்னான். பதிவேட்டில் அந்த எண்ணை எழுதுவதற்கு நிரல் இருக்கவில்லை.